ஊசிக்காரம்மா வீட்டுக்காரர்

ஊரில் பாதிப் பேருக்கு ஊசி போட்ட கை அவளுடையது. சுகாதார நிலையத்தில் நர்ஸ், தெருவில் ஊசிக்காரம்மா. வீறிட்டு அழும் குழந்தை, ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழும் தடியன், "நாளைக்கு வரேன்" என்று நழுவுகிறவர் என எல்லாரையும் சமாளித்தவள். கட்டிய புருஷனிடம் மட்டும் அவள் பருப்பு வேகவில்லை.

அவன் முடிதிருத்தும் கடை வைத்திருந்தான். காய்ச்சல் தெருத்தெருவாகப் பரவிக்கொண்டிருந்த நேரம்; அதற்கான தடுப்பூசியை மட்டும் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றான். ஊசி என்றால் பயம் என்று சொல்லியிருந்தாலாவது மன்னித்திருப்பாள். அதுவும் இல்லை. "எனக்கு ஒண்ணும் ஆகாது, என் உடம்பு இரும்பு" என்பான். உனக்கு நல்லது, உன் நெஞ்சுக்கு நல்லது, உன் வயசுக்கு நல்லது என்று படித்துப் படித்துச் சொன்னாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். கெஞ்சினாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், சாப்பாட்டில் உப்பைக் குறைத்தும் பார்த்தாள். இரும்பு உடம்புக்காரன் அதையும் ருசித்துச் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டான். அன்றைக்குத்தான் அவளுக்கு உண்மையிலேயே வெறுத்துப்போயிற்று.

ஒரு நாள் காலை, ஊசி போட்டுக்கொள்ள வந்த வாத்தியார் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியிருந்தார்கள். தடுப்பூசிகூட அந்த உடம்பில் சரியாகப் பிடிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"யாரையும் வீட்டுக்குள்ள விடறதில்லம்மா. சவரம் பண்ண உங்க வீட்டுக்காரர் மட்டும்தான் வர்றார். நாளைக்குக்கூட வரேன்னிருக்கார். ஊசி போட்டாச்சான்னு அவர்கிட்ட நாங்க கேட்டதே இல்ல. ஊசிக்காரம்மா வீட்டுக்காரராச்சே!"

அவள் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. மத்தியானம் நேரே கடைக்குப் போனாள். நல்லவேளை, ஆள் யாரும் இல்லை.

"யோவ், என் பேர வெச்சு வீடு வீடாப் போறியா நீ?"

"நான் எங்க சொன்னேன்? அவங்க கேக்கவே இல்லையே."

"கேக்கலன்னா சொல்லமாட்டியா? நீ ஒரு தடவ இருமினாப் போதும்யா, வாத்தியார் போயிடுவார்!"

கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவன் நிறுத்தினான்.

"என்னாலயா?"

"பின்ன, என்னாலயா?"

"சவரம் பண்றப்ப அவர் தூங்கிடுவார். கழுத்த நீட்டிக்கிட்டு" என்றான். கத்தியை மடக்கி வைத்தான்.

மறுநாள் சுகாதார நிலையத்தில் ஊசி வரிசையில் முதல் ஆளாக நின்றான். அவளுக்குச் சந்தோஷமா வந்தது? பற்றிக்கொண்டு வந்தது.

"எத்தன மாசமா தொண்டத்தண்ணி வத்தக் கத்தினேன்! அப்பல்லாம் எங்க போச்சு புத்தி?"

"எனக்கு நல்லதுன்னுதானே சொன்ன. எனக்கு என்ன ஆகிடும்னு விட்டுட்டேன்."

"வாத்தியார் வீட்டுக்கு இப்பப் போகாத. ஊசி வேலை செய்ய ரெண்டு வாரமாவது ஆகும்."

"போகல. போன் பண்ணி உள்ளதச் சொல்லிட்டேன். இனிமே வரவே வேணாம்னுட்டாங்க."

அவள் கை நின்றது. வாத்தியார் அவனுடைய முதல் வாடிக்கை, கடை திறந்த நாளிலிருந்து.

"பின்ன இப்ப எதுக்குய்யா வந்து உக்காந்திருக்க?"

"கடைக்கு வர்றவங்களும் என்கிட்ட கழுத்தத்தானே நீட்றாங்க."

இதைப் புரிந்துகொள்ள இத்தனை மாதமா என்று கேட்க நினைத்தாள். ஊசியைக் குத்தினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தியே.