பெயர் தெரியாத பழுப்புத் துண்டு

என் மனைவி கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் உப்புத்தண்ணீர் நிரப்பிப் பவளம் வளர்த்தாள். கடலே இல்லாத விருத்தாசலத்தில் இது என்ன வேலை என்று தெருவே கேட்டது. அவளுடைய ஒரே தம்பி மட்டும் கேட்கவில்லை. சென்னையில் இதே கிறுக்குப் பிடித்த தன் நண்பனிடம் ஐந்து துண்டுகள் வாங்கி, தண்ணீர்ப் பையோடு பஸ்ஸில் மடியில் வைத்தே கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. எதற்கும் பெயர் தெரியாது.

"நீயே கண்டுபுடிச்சிக்க அக்கா" என்று சிரித்துவிட்டுத் தன் ஊரான சேத்தியாத்தோப்புக்குப் போய்விட்டான்.

துண்டுகளை ஒட்டி வைக்கச் சின்ன வட்டுகள் வேண்டும். எனக்குப் பீங்கான் பட்டறையில், பாத்திரங்களைப் பளபளப்புக்காக மெருகுக் கரைசலில் முக்கும் வேலை. சும்மா இருப்பேனா? களிமண்ணில் ஐந்து வட்டு செய்து, அழகாக இருக்கட்டும் என்று பச்சை மெருகில் முக்கிச் சூளையில் வேகவைத்துக் கொண்டுவந்தேன். "சூப்பரா இருக்குதுங்க" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு பெயர் தேடும் படலம். போட்டோ எடுத்து, பவளம் வளர்ப்பவர்களின் செல்போன் குழுவில் போடுவாள். வாயைச் சுற்றி எத்தனை இழை, தோலில் மணல் ஒட்டியிருக்கிறதா என்று அவர்கள் கேட்பார்கள். இருவரும் லென்ஸை வைத்துக்கொண்டு எண்ணுவோம். நான்குக்குப் பெயர் கிடைத்தது. ஐந்தாவது, பழுப்பு நிறத்தது, பிடி கொடுக்கவில்லை. விஷமுள்ள வகையாகவும் இருக்கலாம், வெறுங்கையால் தொடாதீர்கள் என்று ஒருவர் எழுதினார். அது போதாதா எனக்கு.

மூன்றாம் வாரம், பாசியைத் தின்ன அவள் விட்டிருந்த நத்தைகள் கண்ணாடியிலிருந்து உதிர்ந்தன. பவளங்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கி வெளுத்தன. அவள் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள். "எல்லாம் அந்தப் பழுப்பு பண்ற வேலை. பேரு தெரியாதத எவனாவது கொண்டாந்து குடுப்பானா?" என்று நான்தான் ஏற்றிவிட்டேன். அவள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"வெசத்தக் கொண்டாந்து வச்சிட்டுப் போயிட்டியேடா. இனிமே வூட்டுப் பக்கம் வராத. பொங்க சீரும் வாணாம், ஒண்ணும் வாணாம்."

பழுப்பைக் கையுறை போட்டு எடுத்துக் குப்பையில் எறிந்தேன். அதன் பிறகும் சாவு நிற்கவில்லை. தண்ணீரில் செம்பு இருக்கிறதா பாருங்கள், பவளத்துக்கு அது விஷம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். சோதனை மருந்து வந்த அன்று அவள் வேலைக்குப் போயிருந்தாள். நானே சொட்டுவிட்டுப் பார்த்தேன். நிறம் மாறியது. எங்கள் பச்சை மெருகுக்கு நிறம் கொடுப்பதே செம்புப் பொடிதான். தினமும் அதைக் கலக்குகிறவன் நான். வட்டுகள் சரியாக வேகவில்லை, செம்பு தண்ணீரில் இறங்கிவிட்டது. தொட்டியில் கிடந்த வட்டுகளையெல்லாம் எடுத்து எறிந்துவிட்டு மச்சானுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் கேட்டது ஒன்றுதான். "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா மாமா?"

"இல்லப்பா."

"அப்ப சொல்லாதீங்க. என்னைத் திட்டி முடிச்சிட்டாங்க. ஒங்களையும் திட்டிட்டு ரெண்டு பேரு மேலயும் கோவமா இருக்கணுமா? நானே பாத்துக்கறேன்."

மறுத்திருக்க வேண்டும். "சரிப்பா" என்றேன். வெட்கம் கெட்ட நிம்மதி அது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மார்கழி முழுக்க ஓட்டினேன்.

பொங்கலுக்கு முதல் நாள் ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. மச்சான் இறங்கினான். கரும்புக் கட்டையும் மஞ்சள் கொத்தையும் புடவைப் பையையும் கேட்டுக்கு உள்பக்கம் சாய்த்து வைத்தான். ஜன்னலில் நின்ற என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்துவிட்டு, அதே ஆட்டோவில் ஏறிப் போய்விட்டான்.

அவளும் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பாத்தீங்களா, உள்ள வர மூஞ்சி இல்ல அவனுக்கு" என்றாள்.

நான் "ம்" என்றேன்.