அட்டையில வந்த ரெண்டு வார்த்தை

காது சுத்தமாப் போனதும் மொதல்ல டி.வி.யை நிறுத்துனேன். கத்துறாங்க, அழுறாங்க, இன்னா எழவுன்னு புரியணுமே. அப்புறந்தான் போன்ல ஊமைப் படங்க கெடைச்சுது. நூறு வருசத்துக்கு முந்தி வெள்ளைக்காரன் அவன் ஊரு நாவலையெல்லாம் படமா எடுத்து வெச்சிருக்கான். உதடு அசையும், நடுவுல கறுப்பா ஒரு அட்டை வரும், பேசுனத அதுல எழுதிக் காட்டுவான். என் பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் அதுக்குப் போதும். சேக்காட்டுல எங்க வீட்ல மத்தியானம் தனியா குந்திகினு பாக்குற அந்த ஒரு மணி நேரம் நான் செவிடு இல்ல.

அதுல ஒரு படம், கல்யாணத்துக்கு முந்தி ஆவடி லைப்ரரில தமிழ்ல படிச்ச நாவல். தடி புஸ்தகம். மகன் கப்பலேறப் போறான், தாய்க்காரி ஒரு அத்தியாயம் பூரா பேசுவா. படத்துல அவ வாய் அசைஞ்சுகினே கீது, அட்டையில வந்தது ரெண்டே வார்த்தை: போயிட்டு வா. அடப்பாவிங்களா, மீதியெல்லாம் எங்கடான்னு கோவம் வந்துச்சு. ஆனா மீதி எனக்குத் தெரியும், படிச்சிருக்கேனே. அழுதேன்.

என் பையன் கனடாவுல இருக்கான். ஞாயித்துக்கெழம வீடியோல வருவான். காது போனப்புறம், கத்தி மாளலம்மா, இனிமே மெசேஜே போடுறேன்னு எழுதிட்டான். ஒழுங்காவும் போட்டான், கொறை சொல்லக் கூடாது. மூஞ்சிதான் இல்ல. மூணு மாசம் பொறுத்துப் பாத்தேன். அப்புறம் அந்தப் படத்த நெனச்சு நானே எழுதுனேன்: வீடியோல வா, பேசு, பேசுனத பேப்பர்ல எழுதிக் காட்டு, நானும் காட்டுறேன். சரின்னான்.

டெய்லி காலண்டர்ல கிழிச்ச தாளுங்க பின்னாடி பெரிசு பெரிசா எழுதி வெச்சேன். முட்டி வலி, மோட்டார் ரிப்பேரு, பக்கத்து வீட்டுக்காரங்க காலி பண்ணிட்டுப் போனது, அப்பா திதிக்கு வருவியா. பதினோரு தாளு.

வந்தான். தாடி விட்டிருக்கான், நல்லாவே இல்ல. நான் மொதத் தாளை எடுக்குறதுக்குள்ள பேச ஆரம்பிச்சுட்டான். ரொம்ப நேரம் பேசுனான். நடுவுல சிரிச்சான். ஒரு தரம் கண்ணைத் தொடைச்சுகினான். அப்புறம் குனிஞ்சு எழுதி, பேப்பரைத் தூக்கிக் காட்டுனான்.

"வேற என்னம்மா?"

இன்னாடா பேசுனேன்னு திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்டா மறுபடி மெசேஜுக்கே போயிடுவானோன்னு பயம். இவன் புஸ்தகத்த நான் எங்க போய்ப் படிப்பேன். பதினோரு தாளையும் மடியில கவுத்துட்டு, புதுசா ஒண்ணு கிழிச்சு எழுதிக் காட்டுனேன்: ஒண்ணுமில்லப்பா, ஒடம்பப் பாத்துக்க.