விஜயதசமிக் கையெழுத்து

“...போடு, வேணாங்கல. போடறதுக்கு முன்னாடி அவன் மூஞ்சிய ஒரு தடவ நிமிந்து பாருடா முரளி!”

போன வாரம் கராஜ் கதவு கிறீச்சிட்டது. எண்ணெய் வாங்கிவந்து கீலில் விட்டேன். பாதி கீலுக்கு, பாதி என் சட்டைக்கு. கைவேலையில் நான் அவ்வளவுதான். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் இந்தக் குரல் கேட்டது. சந்தனம், கற்பூரம், சாமந்திக்கு நடுவே துப்பாக்கி எண்ணெய் மணந்த ஒரு வீடு எனக்குத் தெரியும்.

ஈராக்கில் சண்டை நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நான் ஃபிரிஸ்கோவுக்குக் கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த புதிது. கார் ஓட்டத் தெரியாது. டெக்சாஸில் அது கரையில் போட்ட மீனின் பிழைப்பு. என்னை ஆபீசுக்கு ஏற்றிப்போய் இறக்கிவிட்டவர் முரளி சார். வாரக்கடைசிச் சாப்பாடும் அவர் வீட்டில்தான். அவருடைய அப்பா திருச்சியிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். ஆயுதப்படைப் போலீசில் துப்பாக்கிக் கிடங்கைப் பார்த்துக்கொண்டு ரிட்டயர் ஆனவர். எனக்கும் அவர் தாத்தாதான். அவர் பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. “காலித் துப்பாக்கின்னு ஒண்ணு கெடையாதுடா, நாம பாக்காத துப்பாக்கிதான் உண்டு” என்பார்.

பக்கத்துத் தெருவில் திருடன் புகுந்த பிறகு முரளி சாரும் ஒரு கைத்துப்பாக்கி வாங்கியிருந்தார். வைத்திருந்த இடம் பூஜை அலமாரி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால்.

“அங்க யாரும் கை வைக்கமாட்டாங்கப்பா.”

“திருடன் குளிச்சிட்டா வருவான்?” என்றார் தாத்தா.

ஆயுத பூஜை வந்தது. பஞ்சாங்கத்தை ஒரு நாள் முன்னே இழுத்து சனி, ஞாயிறில் உட்காரவைத்திருந்தோம். லேப்டாப், கார்ச் சாவி, ஸ்க்ரூடிரைவர், அரிவாள்மனை, பையனின் பாடப் புத்தகங்கள், வரிசைக் கடைசியில் அந்தத் துப்பாக்கி. குங்குமப் பொட்டு, மேலே ஒரு சாமந்தி. குழல் பார்த்த பக்கம் விருந்தாளிகளின் குழந்தைகள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்கள். நானும் இரண்டு கையாலும் கும்பிட்டேன், அறிவாளி!

“தோட்டாவ எறக்கிட்டியா?” என்றார் தாத்தா.

“மேகஸின் கழட்டிட்டேன்ப்பா. எம்டி.”

தாத்தா எழுந்து பூவை எடுத்து ஓரமாக வைத்தார். துப்பாக்கியைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மேல்பகுதியைப் பின்னால் இழுத்தார். குழலில் ஏறி உட்கார்ந்திருந்த ஒற்றைத் தோட்டா எகிறிப் பொரித்தட்டில் விழுந்தது. ஒரு குழந்தை கைநீட்டியது. அதன் அம்மா பிடித்து இழுத்த இழுப்பில் தட்டே கவிழ்ந்தது.

புத்தகங்களைத் தூக்கிப் பொரியை உதறும்போது அடியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மூலையில் குங்குமம். முரளி சாரின் மகன் அரவிந்துக்குப் பதினேழு வயது. பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த சீருடைக்காரர்கள் கொடுத்த படிவம். அந்த வயதில் அமெரிக்கப் பட்டாளத்தில் சேரப் பெற்றோர் இருவர் சம்மதமும் வேண்டும். அம்மாவின் கையெழுத்து ஏற்கெனவே இருந்தது. மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்து வாங்கியிருக்கிறான். அவன் அம்மா உஷா அக்கா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

“டாட், சைன் பண்ணுங்க. ப்ளீஸ்.”

“இன்னிக்குப் பேனா தொடக்கூடாது” என்றார் தாத்தா. பூஜையில் வைத்ததை மறுநாள்தான் எடுக்க வேண்டும். அந்த வழக்கம் ஓர் இரவை வாங்கிக்கொடுத்தது. அந்த இரவு முழுக்கத் தாத்தா முரளி சாரிடம் மன்றாடியிருக்கிறார். காலையில் நான் போனபோதும் ஓயவில்லை.

“ஜூன்ல பதினெட்டு ஆயிடும். அவனே போட்டுக்கட்டும். நீ போடாதடா.”

“அப்பவும் போவான்ப்பா. என்மேல கோவத்தோட போவான். எதுத்த வீட்டுப் பையன் போறான், நம்ம பையன் போகலன்னா நம்மள என்னன்னு பாப்பாங்க? இங்கதான இருக்கப்போறோம்.”

“நாப்பது வருஷத்துல ஒரு ரைஃபிளும் தொலைஞ்சதில்லடா எங்கிட்ட. எல்லாம் திரும்பி வந்துச்சு. பசங்கதான் மூணு பேர் வரல.”

அரவிந்தும் வரவில்லை. போன மறுவருஷம், பத்தொன்பதாவது வயதில், ஈராக்கிலேயே இறந்துபோனான். முரளி சார் வீட்டை விற்றுவிட்டு எங்கோ போனார். என் போனை எடுப்பதில்லை. தாத்தாவும் திருச்சியில் போய்ச் சேர்ந்தார். அந்தத் துப்பாக்கி எந்த வீட்டு அலமாரியில் இருக்கிறதோ, தெரியாது. இப்போது அந்தத் தெருவில் ஒரு முகமும் எனக்குப் பழக்கமில்லை. நான் மட்டும் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

விஜயதசமிக் காலையில் முதன்முதலாக எழுதுவது விளங்கும் என்பார்கள். முரளி சார் அன்று முதலில் எழுதியது தன் பெயரை, அந்தப் படிவத்தில். நிமிர்ந்து பார்க்கச் சொன்ன அப்பாவின் குரல் காதில் விழுந்தும் குனிந்த தலை குனிந்தபடி போட்டு முடித்தார்.

தாத்தா அந்தப் பேனாவை வாங்கிக்கொண்டார். சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டைப் பிரித்தார்.

“அரவிந்த், முழுப்பேரு சொல்லு. வீட்டு விலாசம் சொல்லு.”

“தாத்தா, யூ லிவ் ஹியர்!” பையன் சிரித்தான்.

“ரைஃபிள் குடுக்கறப்பல்லாம் எழுதி வச்சுப்பேன் கண்ணு. ஏதாவதுன்னா ஆபீஸ்ல சுருக்க வீட்டுக்குச் சொல்லமாட்டானுங்க, நாமதான் எழுதணும். சொல்லு.”

அவன் கதவு எண்ணைச் சொன்னான், தெருவைச் சொன்னான். தாத்தா ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எழுதியதை அவனுக்கு வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டார்.