அழிக்கும் பட்டன் இல்லாத பெட்டி

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் லாரி பேட்டரியில் ஓடும் ஆம்ப்ளிஃபயர், விசைப்படகுக்குச் சங்கு, மழையில் நனைந்தாலும் பாடும் ஸ்பீக்கர் எல்லாம் இந்தக் கையால் செய்தவைதான். கல்மண்டபம் பக்கம் என் மைக் செட் இல்லாமல் ஒரு காலத்தில் கல்யாணமே நடக்காது. இதையெல்லாம் செய்தபோது பயந்ததில்லை. பயந்தது ஒரே ஒரு நாள்தான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, திருவொற்றியூரில் ஒரு சமுதாயக் கூடத்தில்.

என் மருமகள் வயலின் வாசிப்பாள். கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்தபின் ஆறு வருடம் அதைத் தொடவில்லை. திரும்ப எடுத்தபோது அவள் மனதில் ஒரு யோசனை இருந்தது. வாசிப்பதைத் துண்டு துண்டாகப் பிடித்து வைத்துக்கொண்டு, அதில் ஏதோ ஒன்றைத் தன் இஷ்டத்துக்கு எடுத்துத் திரும்ப ஒலிக்கும் ஒரு பெட்டி வேண்டும். எது வரும், எப்போது வரும், அவளுக்கே தெரியாது. வருவதற்கு ஏற்றபடி அந்த நிமிடமே புதிதாக வாசிக்க வேண்டும். கம்ப்யூட்டரில் எழுத வேண்டியதை அவள் எழுதினாள். பெட்டி, காலால் மிதிக்கும் சுவிட்சுகள், வயரிங் எல்லாம் நான்.

சொன்ன பேச்சைக் கேட்காத மெஷினுக்கு எங்கள் தொழிலில் ரிப்பேர் என்று பெயர். அதை அவளிடமே சொன்னேன்.

“அது சொன்னதையே கேட்டுகினு இருந்தா நான் புதுசா இன்னாத்த வாசிக்கிறது மாமா?” என்றாள்.

அவள் நாலு மிதி கேட்டாள். நாலாவது, பிடித்து வைத்ததையெல்லாம் அழிப்பதற்கு. நான் மூன்று ஓட்டைதான் போட்டேன். மேடையில் யாராவது தெரியாமல் மிதித்து மொத்த வேலையும் கெட்டதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அதனால் அழிக்கும் பட்டனை உள்ளே வைத்து, மூடியை எட்டு ஸ்க்ரூ போட்டு முடுக்கினேன். கரண்ட் போனாலும் நிற்கக் கூடாதென்று உள்ளே பேட்டரியும் வைத்தேன். அவள் சரியென்று விட்டுவிட்டாள்.

அன்று காலை மைக்கை நான்தான் டெஸ்ட் செய்தேன். ஹலோ சொல்லி, மிதியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வயர் இழுக்க உதவிக்கு வந்திருந்த என் பழைய கூட்டாளி, மருமகள் எப்படி வாசிக்கிறாள் என்று கேட்டான். எனக்குப் பெருமை தலைக்கேறியது.

“வாசிப்பு இன்னா வாசிப்பு, துருப்புடிச்ச கேட்டு மாதிரி கீது. பொட்டி நம்மளுது, அதான் நிக்குது” என்றேன்.

நிகழ்ச்சி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவன் என் காதோரம் குனிந்தான்.

“மாமு, நீ பேசசொல்லோ அந்தப் பொட்டில செவப்பு லைட்டு எரிஞ்சுகினு இருந்துச்சு.”

சிவப்பு எரிந்தால் பெட்டி பிடித்துக்கொள்கிறது என்று அர்த்தம். ஆறு வருடம் கழித்து அவள் ஏறிய முதல் மேடை. முன் வரிசையில் பெரம்பூரிலிருந்து வந்த அவள் அம்மா, பக்கத்தில் என் மகன். நான் சொன்னது எந்த நிமிடமும் எல்லார் காதிலும் விழலாம். ஓடிப்போய் அழிக்கலாமென்றால் எட்டு ஸ்க்ரூ. பிளக்கைப் பிடுங்கலாமென்றால் உள்ளே பேட்டரி. எல்லாம் என் கெட்டிக்காரத்தனம். வயரையே அறுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அறுத்தால் அவள் வாசிப்பும் அதோடு போய்விடும்.

ஸ்பீக்கர் ஒவ்வொரு தடவை வாயைத் திறந்தபோதும் எனக்கு வேர்த்தது. வயலின் துண்டு வந்தது. இன்னொன்று வந்தது. வெளியே கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்ததற்கும் தூக்கிவாரிப் போட்டது. பிறகு என் “ஹலோ” வந்தது. கூடத்தில் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். அப்படியே போய்விடும் என்று மூச்சு விடுவதற்குள், “துருப்புடிச்ச கேட்டு மாதிரி கீது” என்று என் குரல் தெளிவாகக் கேட்டது.

அவள் வில் நின்றது. என்னைப் பார்த்தாள். நான் கீழே கிடந்த வயரைப் பார்த்தேன்.

பிறகு கனத்த தந்தியில் வில்லை அழுத்தி, மெதுவாக இழுத்தாள். அசல் துருப்பிடித்த இரும்பு கேட் திறக்கிற சத்தம். கூடமே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தையும் பெட்டி பிடித்துக்கொண்டது. அது திரும்பத் திரும்ப வர, அதன் மேலேயே ஒரு பாட்டைக் கட்டி எழுப்பினாள். “பொட்டி நம்மளுது” மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் வேறு வேறு விதமாகப் பதில் சொன்னாள். எத்தனையோ மேடைக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்கிறேன், அப்படி ஒரு கைதட்டலைக் கேட்டதில்லை.

வயர் சுருட்டும்போது பக்கத்தில் வந்தாள்.

“கேட்டு நல்லா தொறந்துச்சா மாமா?”

பெரிய ஆள் என்று காட்டிக்கொள்ளத்தான் அப்படிப் பேசினேன் என்று ஒப்புக்கொண்டேன். நாளைக்கே நாலாவது ஓட்டை போட்டுத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள். இனிமேல் பேசுவதற்கு முன் லைட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பாதி வயரை அவளே சுருட்டினாள்.

இப்போது அவளைப் பல இடங்களில் வாசிக்கக் கூப்பிடுகிறார்கள். நோட்டீஸில் கருவி வடிவமைப்பு என்று அவள் பெயர் மட்டும்தான் வருகிறது. அது நியாயமில்லை. பெட்டியும் மிதியும் வயரிங்கும் நான் செய்தவை, என் பெயரையும் போட்டே ஆக வேண்டும். அதற்குக் கீழே, துருப்பிடித்த கேட் என்று சொன்னவனும் நான்தான் என்று சேர்த்தே போடட்டும். நல்லதுக்கு மட்டும் பெயர் கேட்க, அன்றைக்கு அப்புறம் எனக்கு வாய் வருவதில்லை.