விசிறிக்குள் போன திருநீறு

2024 அக்டோபர் 19, சனிக்கிழமை, காலை மணி 9.20. விடியற்காலையில் கொட்டிய மழை தூறலாகக் குறைந்திருந்தது. வானம் மட்டும் வெளுக்கவில்லை. சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், சந்தைக்குக் கொண்டுபோகும் தள்ளுவண்டியில் கணினிப் பெட்டியை வைத்து, மேலே இரண்டு பிளாஸ்டிக் பைகளைக் கவிழ்த்து, நான்கு ரப்பர் வளையம் போட்டு நின்றிருந்தேன். அன்று மாலை ஏழு மணிக்குள் அந்தப் பெட்டி பழுது நீங்கி வீடு திரும்பியாக வேண்டும். கையில் இருந்தது ஒன்பது மணி நாற்பது நிமிடம்.

எங்கள் ஒரே மகள் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் ஆசிரியையாக இருக்கிறாள். அவள் கழுத்தில் ஒரு கட்டி. திங்கட்கிழமை அறுவை சிகிச்சை. ஞாயிறு காலையே மருத்துவமனையில் சேர வேண்டும். அதற்கு முன் அவள் எங்களோடு பேசக்கூடியது சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மட்டும்தான்.

என் மனைவிக்கு ஆறு வருடங்களாகக் காது கேட்பதில்லை. கருவி மாட்டினால் சத்தம் வருகிறது, சொல் வருவதில்லை. பேசுபவரின் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறாள். கைப்பேசித் திரையில் உதடு ஒரு பருக்கை அளவுதான். அவள் கண்ணுக்கு அது போதாது. அதற்காகவே கணினியோடு இருபத்தேழு அங்குலத் திரை ஒன்றைச் சேர்த்திருந்தேன். அதில் மகளின் முகம் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாக வரும்.

“இந்த ஒரு தடவை அவளை எழுதி அனுப்பச் சொல்லலாமே” என்று மனைவியிடம், கையால் எழுதிக் காட்டுவதுபோல் சைகை செய்தேன்.

“எழுத்துல அவ பொய் சொல்லிடுவா” என்றாள் மனைவி. “வாயால சொன்னாத்தான் எனக்குத் தெரியும்.”

கோளாறு அதற்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கியது. மகள் பேசிக்கொண்டிருந்தபோது கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்தது. திரும்பப் போட்டேன், மறுபடி அணைந்தது. அடுத்த நாள் கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தேன். பதினொன்று, பதினொன்று, பன்னிரண்டு, பத்து நிமிடம். மின்கம்பியைப் பிடுங்கி முப்பது விநாடி விட்டுச் செருகினேன். வேறு பிளக்கில் மாட்டினேன். வேண்டாத செயலிகள் ஒன்பதை நீக்கினேன். புதிதாக ஒரு எக்ஸ்டென்ஷன் வாங்கினேன். எதுவும் உதவவில்லை. வியாழக்கிழமை மேசை விசிறியைப் பெட்டிக்கு நேராகத் திருப்பி வைத்தபோது பதினேழு நிமிடம் தாங்கியது. சூடுதான் காரணம் என்று அப்போது தெரிந்தது. சூடு ஏன் என்றுதான் தெரியவில்லை. பெட்டியைத் திறந்து பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. திறந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பின்பக்கம் ஒரு வில்லை ஒட்டியிருந்தது. அந்த உத்தரவாதம் முடிந்து ஐந்து வருடம் ஆகியிருந்தாலும் எனக்கு அந்த வில்லைமேல் பயம் இருந்தது.

நியூட்டனில் ரயில் மாறி லிட்டில் இந்தியாவில் இறங்கினேன். முதியோர் சலுகை அட்டையில் தொண்ணூற்றைந்து காசு போயிற்று. தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது; நடைபாதை முழுவதும் தோரணமும் பலகாரத் தட்டுகளும் குடைகளும். வண்டியின் இடது சக்கரம் மூன்று பேர் காலில் ஏறியது. மூன்று பேரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

சிராங்கூன் சாலைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் அந்தப் பழுதுபார்க்கும் கடை இருந்தது. அகலம் எட்டு அடி இருக்கும். கடைக்காரருக்கு ஐம்பத்தைந்து வயது சொல்லலாம். நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம், இங்கே மூன்றாவது தலைமுறை. எல்லாரும் அவரைப் பாய் என்றே கூப்பிட்டார்கள். மேசையில் ஆறு மடிக்கணினிகள் வாய் பிளந்து கிடந்தன.

“செவ்வாய்க்கிழமை வாங்கண்ணே” என்றார், என் முகத்தைப் பார்க்காமலேயே.

“செவ்வாய் வேண்டாம் பாய். இன்னிக்கு சாயங்காலம் ஏழு மணிக்குள்ள வேணும்.”

“எல்லாருக்கும் இன்னிக்குத்தான் வேணும்லா. அந்தத் தம்பியும் காலையிலேருந்து உக்காந்திருக்காரு.”

முக்காலியில் ஓர் இளைஞர் திரை உடைந்த கைப்பேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலணியில் சிமெண்ட் கறை. கட்டுமான வேலைக்கு வந்தவர் என்று பார்த்ததுமே தெரிந்தது. நான் பாயிடம் மகளின் அறுவை சிகிச்சையையும் மனைவியின் காதையும் உதட்டையும் சொன்னேன். பதற்றத்தில் முன்னுக்குப் பின்னாகச் சொல்லியிருப்பேன். பாய் ஒரு மடிக்கணினியைக் கையில் எடுத்துக்கொண்டார். முக்காலியில் இருந்தவர்தான் எழுந்தார்.

“பாய், ஐயாவோடதை முதல்ல பாருங்க. மழையில சைட்டு மூடிட்டாங்க, எனக்கு இன்னிக்கு லீவுதான்.”

“உனக்கு ஊருக்குப் பேசணும்னியே?”

“சாயந்திரம் பேசிக்கலாம். எங்கம்மாவும் இப்படித்தான். நான் சாப்டேன்னு சொன்னா, வாயைப் பாத்தே சாப்பிடலைன்னு கண்டுபிடிச்சுரும்.”

பாய் கையிலிருந்த மடிக்கணினியை ஓரம் வைத்துவிட்டு என் பெட்டியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அந்த வில்லையை நகத்தால் கிழித்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். ஒரு பாட்டில் மூடியை என்னிடம் நீட்டினார்.

“கழட்டுற ஆணியை எல்லாம் இதுல போடுங்கண்ணே. நீங்க எண்ணி வச்சுக்குங்க. நான் தொலைச்சிருவேன்.”

மொத்தம் ஏழு திருகாணி. ஒவ்வொன்றும் விழும்போது எண்ணினேன்.

முன்பக்கத்து வலைமூடியைக் கழற்றியதும் பாய் கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இளைஞரைக் கூப்பிட்டு, தன் கைப்பேசியைக் கொடுத்து விளக்கைப் பிடிக்கச் சொன்னார். வலைக்குப் பின்னால் ஒரு சிறிய விசிறி இருந்தது. அதன் இறக்கைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் வெளிறிய மஞ்சளாக ஏதோ இறுகிக் கிடந்தது. விரலால் தள்ளினார், விசிறி அசையவில்லை.

“அண்ணே, இது என்ன?”

சொல்வதற்கு வெட்கமாக இருந்தது. எங்கள் வீட்டில் சாமி அலமாரி கணினி மேசைக்கு நேர் மேலே இருக்கிறது. கிழக்குப் பார்த்த சுவர் அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி. தினமும் திருநீறு எடுக்கும்போது கொஞ்சம் கீழே உதிரும். ஆயுத பூஜை அன்று கணினியும் எங்களுக்கு ஆயுதம்தான். பெட்டியின் முன்னால் மூன்று பட்டைத் திருநீறு, நடுவில் சந்தனம், குங்குமம். எட்டு வருடம், எட்டுத் தடவை. முன்பக்கத்தில் பட்டை போட வாகாக இருந்த இடம் அந்த வலைதான். அது பெட்டி மூச்சு இழுக்கும் இடம் என்று எனக்குத் தெரியாது. இந்த வருடம் விஜயதசமி காலையில், பழைய கறையும் போகட்டும் என்று ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். துடைத்ததாக நினைத்தேன். எல்லாவற்றையும் கரைத்து உள்ளே தள்ளியிருக்கிறேன். அன்று மாலைதான் முதல்முறை அணைந்தது.

“வெறும் தூள்னா ஊதினாலே போயிரும்” என்றார் பாய். “தண்ணி பட்டுக் கெட்டியாயிருச்சு.”

இளைஞர் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோய், ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தார். “நல்ல கலவை பாய். எங்க சைட்டுல இப்படி செட் ஆனா சூப்பர்வைசர் கை குடுப்பாரு.”

பாய் சிரித்துவிட்டார். “வைரஸ் வராம இருக்கப் பூசினீங்களாண்ணே?”

“எட்டு வருஷமா வைரஸ் வரலையே” என்றேன். எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வாரத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

அந்த விசிறி இனி உதவாது, புதிது போட வேண்டும் என்றார். உள்ளே கணினியின் மூளையான சில்லின்மேல் இருந்த இன்னொரு விசிறியைக் கழற்றினார். அது கெட்டுப்போகவில்லை. அதன் அடியில் இருந்த உலோகத் தகடுகளின் இடைவெளி முழுவதும் சாம்பல் அடைந்திருந்தது. சின்னத் தூரிகையால் தகடு தகடாகத் துடைத்தார். மணி ஒன்றாயிற்று. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“தொழுதுட்டு வந்திர்றேன். கடையைப் பாத்துக்குங்க.”

பெட்டி பிரிந்து கிடக்க, முன்பின் தெரியாத இரண்டு பேரிடம் கடையை விட்டுவிட்டு அவர் போனது எனக்குப் புதிதாக இருந்தது. மூடியில் இருந்த ஏழு ஆணிகளை மூன்று தடவை எண்ணினேன். இளைஞர் கீழே போய் மூன்று தேநீர் வாங்கி வந்தார். நான்கு வெள்ளி எண்பது காசு. நான் கொடுத்தபோது வாங்க மறுத்தார், பாக்கெட்டில் திணித்தேன்.

இருபத்திரண்டு நிமிடத்தில் பாய் திரும்பி வந்தார். ஒரு குழாயிலிருந்து வெள்ளைப் பசையைப் பிதுக்கி, சில்லின் நடுவில் பட்டாணி அளவு வைத்தார்.

“இதுதாண்ணே இதுக்குச் சந்தனம். சூட்டை இழுத்து வெளியே விடும். வெளியில பூசினது போதும், உள்ளே நான் பூசிட்டேன்.”

புது விசிறியைப் பொருத்தினார். ஏழு ஆணிகளும் அதனதன் இடத்துக்குப் போயின. பெட்டியைக் கடையிலிருந்த ஒரு திரையோடு மாட்டி நாற்பது நிமிடம் ஓடவிட்டார். அணையவில்லை. பக்கவாட்டில் கை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுதான். மாதம் ஒருதடவை மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு உலர்ந்த தூரிகையால் வலையைத் துடைக்கச் சொன்னார். துணி விரித்த மேசையில் வைக்காதீர்கள், பின்பக்கம் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியிருக்கட்டும், ஈரத்துணி பக்கத்திலேயே வரக்கூடாது என்றார். புது விசிறி வந்த அட்டைப்பெட்டியின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். சந்தனத்துக்கு என்ன செய்வது என்று கேட்டேன். மேசைக் காலில் வைக்கச் சொன்னார்.

விசிறி பதினெட்டு, வேலைக்கு முப்பது; நாற்பத்தெட்டு வெள்ளி. அறுபது கொடுத்தேன். பன்னிரண்டைத் திருப்பிக் கையில் வைத்துவிட்டு, அதோடு ஒரு காகிதப் பொட்டலத்தையும் கொடுத்தார். பழைய விசிறியிலிருந்தும் தகடுகளிலிருந்தும் சுரண்டிய சாம்பல் அதில் மடிக்கப்பட்டிருந்தது.

“சாமிக்கு வச்சது. நான் குப்பையில போடக்கூடாது. நீங்க கொண்டுபோய் எங்க சேக்கணுமோ அங்க சேத்துருங்க.”

பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அந்தத் தூசியை ஊதித் தள்ளியிருப்பேன். வீட்டு நடையில் இருக்கும் துளசித் தொட்டியில் அதை அன்றே சேர்த்தேன்.

மழை மறுபடி பிடித்துக்கொண்டதால் டாக்சியில் திரும்பினேன். இருபத்து நான்கு வெள்ளி முப்பது காசு. இளைஞர் பெட்டியைத் தன் தோளில் வைத்துக் கீழே இறக்கி, டாக்சியில் ஏற்றி, “உங்க மகளுக்கு நல்லபடியா ஆயிரும் ஐயா” என்றார். அவர் பெயரைக் கேட்கத் தவறினேன். தீபாவளிக்கு முந்தின நாள் முறுக்கு டின்னோடு பாயிடம் போனபோது விசாரித்தேன். திரை மாற்றிக்கொண்டு போனவர் பிறகு வரவில்லை என்றார்.

ஏழு மணிக்கு மகள் திரையில் வந்தாள். மனைவி நாற்காலியைத் திரைக்கு இரண்டு அடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டேன். பதினொன்றாவது நிமிடத்தில் கண்ணை மூடினேன். மகளின் குரல் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. இருபதாவது நிமிடத்தில் கையை எடுத்துவிட்டேன்.

சாப்பாடு, விடுப்பு, பக்கத்து வீட்டுப் பூனை என்று பேச்சு போயிற்று. பிறகு மகள், “பயம்லாம் இல்லம்மா. நல்லாத்தான் இருக்கேன்” என்றாள்.

“இன்னொரு தடவை சொல்லு” என்றாள் மனைவி.

“நல்லாத்தான் இருக்கேன்.”

“மேல் உதடு இழுக்குது. என்னன்னு சொல்லு.”

மகள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மனைவி காத்திருந்தாள்; திரும்பியிருக்கும் முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியாது. முகம் திரும்பி வந்தபோது நனைந்திருந்தது. இந்தச் சிகிச்சையில் சிலருக்குக் குரல் மாறிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மூன்று வாரமாக அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. “குரல் போச்சுன்னா நான் எப்படிம்மா கிளாஸ் எடுப்பேன்? எப்படிப் பேசுவேன்?”

மனைவி திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

“நான் உன் குரலைக் கேட்டு ஆறு வருஷம் ஆச்சு” என்றாள். “நீ சொன்னதுல ஏதாவது எனக்கு வராமப் போயிருக்கா?”

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று நான் கவனிக்கவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோதும் பேசிக்கொண்டிருந்தார்கள். மொத்தம் ஒரு மணி ஒன்பது நிமிடம். அவர்களாக முடித்தபோதுதான் முடிந்தது.

திங்கட்கிழமை எல்லாம் நல்லபடி நடந்தது. மூன்று வாரம் மகளின் குரல் கரகரத்து, பிறகு தெளிந்தது. அந்த மூன்று வாரமும் கவலைப்பட்டவன் நான் ஒருவன்தான். மனைவிக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அந்தச் சனிக்கிழமை, ரயில், தேநீர், பாய், டாக்சி எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு எழுபத்தெட்டு வெள்ளி ஐந்து காசு.