கட்டடம் இல்லாத மனையில் குடியிருந்தவர்கள்

என் அக்கா டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். ஒரே கார், ஒரே மாஸ்டர். ஊரில் பாதிப் பேர் அவளிடம் திட்டு வாங்கித்தான் வண்டி ஓட்டப் பழகினார்கள். அவள் உட்காரும் பக்கமும் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறினால் இவளே மிதித்துவிடுவாள். அதனால் 'பிரேக் மாஸ்டர்' என்ற பட்டம் வேறு. மாமா இறந்த பிறகு அந்தக் காரை வைத்தே மகளைப் படிக்க வைத்தாள், என்னையும் கூட வைத்துக்கொண்டாள். வாய் கொஞ்சம் நீளம். மனசு தங்கம் என்று சொல்ல ஆசைதான், ஆனால் பெட்ரோல் விலை ஏறுகிற நாட்களில் அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு மாடிப் போர்ஷன். கீழே பூட்டிய அறைகள், வாசலில் கார் நிறுத்த இடம். அந்த இடம் இல்லாவிட்டால் ஸ்கூலே இல்லை. ஒப்பந்தமும் கிடையாது, ரசீதும் கிடையாது. மாதம் பிறந்தால் ஒருவர் வந்து வாடகையை எண்ணாமலே சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு போவார். நாங்கள் அவருக்கு 'சட்டைப்பை' என்றே பெயர் வைத்திருந்தோம். ஓனர் யாரென்று கேட்டால், பெரிய இடம் என்பார். அதற்கு மேல் வாயிலிருந்து ஒரு வார்த்தை பெயராது.

அந்தச் சட்டைப்பை ஒருநாள் வந்து, மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அக்கா மகளுக்கு அது பரீட்சை வருஷம். கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லாமல் யாரிடம் போய் முறையிடுவது?

ஊர் முழுக்க அப்போது வேறு பேச்சு. அரசாங்க அதிகாரிகளின் சொத்து விவரத்தை முதல்முறையாக இணையத்தில் போட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டீக்கடை, பஸ், நான் வேலை செய்யும் மருந்துக்கடை, எங்கும் எல்லோரும் போனும் கையுமாக இருந்தார்கள். இருமல் மருந்து வாங்க வந்தவர் இருமலை மறந்துவிட்டுக் கலெக்டரின் தோட்டத்தைப் பற்றிப் பேசினார்.

எனக்கு மட்டும் அந்த ஆசை இருக்காதா? காலையில் அக்கா என்னைக் கடையில் இறக்கிவிடுவாள். அன்று ஒரு பல் டாக்டர் ஓட்டப் பழகிக்கொண்டிருந்தார். நான் பின்சீட்டில் உட்கார்ந்து சத்தமாகப் படித்தேன். அக்காவின் மாணவர்களை வேண்டுமென்றே ஃபெயில் ஆக்குவதாக அவள் சபித்துவந்த லைசென்ஸ் அதிகாரியிடம் ஒரு பழைய ஸ்கூட்டரும் அப்பா வீட்டில் கால் பங்கும்தான் இருந்தன. அக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. பாவம், அந்த ஆளை இனிமேல் மனசாரத் திட்டக்கூட முடியாதே.

அடுத்து நிலப் பதிவு அலுவலகத்தின் பெரிய அதிகாரி. வீடு, கார், நகை, அதன் கீழே ஒரு முகவரி. எங்கள் தெரு. எங்கள் கதவு எண். பக்கத்தில், 'கட்டடம் இல்லாத மனை'.

படித்து முடிப்பதற்குள் கார் குலுங்கி நின்றது. அக்கா மிதித்திருந்தாள். நான் என்ன தப்பு செய்தேன் மாஸ்டர் என்று கேட்ட டாக்டரை அவள் திரும்பியே பார்க்கவில்லை. போனை வாங்கித் தானே படித்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், மாமா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அந்தப் பக்கத்திலேயே, விவரம் தவறென்றால் பொதுமக்கள் தெரிவிக்கலாம் என்று இருந்தது. அக்கா எழுதப்போவதாகச் சொன்னாள். வம்பை விலை கொடுத்து வாங்க வேண்டாம், இன்றைக்கே சாமானைத் தெருவில் வீசிவிடுவார்கள் என்று கெஞ்சினேன்.

"எழுதினாலும் போகணும், எழுதாட்டியும் போகணும். எழுதிட்டே போவோம்டி" என்றாள்.

மறுநாள் காலை எதிர் வீட்டு வாசலில் நின்று போட்டோ எடுத்தாள். அதில் வீடு முழுசாக விழுந்தது, கதவு எண் விழுந்தது, காரும் டிரைவிங் ஸ்கூல் போர்டும் விழுந்தன. மாடியில் வாயில் பிரஷ்ஷோடு நானும் விழுந்தேன். வேறு படம் எடுக்கச் சொன்னேன், கேட்கவில்லை. அந்தக் கோலத்தோடுதான் அரசாங்கத்திடம் போய்ச் சேர்ந்தேன்.

அந்தப் படம் ஊரெல்லாம் போனுக்குப் போன் தாவியது. அதற்கப்புறம் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டுமே! இல்லாத வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வாசலில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். விசாரணைக்கு வந்த அம்மாள் சுவரைத் தட்டிப் பார்த்தார். பயம் போன இடம் தெரியவில்லை. எனக்குத் திருவிழாவில் நிற்பது போல இருந்தது.

மாதக் கடைசியில் சட்டைப்பை வந்தார். சாமானை எப்போது எடுக்கிறீர்கள் என்றார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"ஓனர் பேரைப் போட்டு, இந்த வீட்டைக் காலி பண்ணுங்கன்னு ஒரு லெட்டர் கொடுங்கண்ணே. இன்னைக்கே கிளம்பிடறோம்" என்றாள் அக்கா.

அவர் வந்த வழியே போய்விட்டார். கடிதம் வரவில்லை. அதற்குப் பதிலாக, கொஞ்ச நாளில் அதே இணையப் பக்கம் மாறியது. கட்டடம் தவறுதலாக விடுபட்டதாம். இப்போது அது மாடி வீடு. அதில் வாடகைதாரர் குடியிருக்கிறாராம். மூன்று பேரும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தோம். ஊரறிய எழுதிவிட்டு, யார் இனி எங்களைக் கிளப்புவது? மாத வாடகையையும் போட்டிருந்தார் அதிகாரி. வரவைக் குறைத்துக் காட்டும் பழக்கம் விடவில்லை போல. நாங்கள் கொடுத்துவந்ததில் சரிபாதி.

அடுத்த மாதம் பிறந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சட்டைப்பை பணத்தை எண்ணினார். மறுபடி எண்ணினார். பாதிதானே இருக்கிறது என்றார்.

அக்கா போனைத் திருப்பி அந்த வரியைக் காட்டினாள்.

"உங்க ஓனர் போட்ட வாடகைதாண்ணே. மிச்சமும் வேணும்னா, அதையும் அங்க போடச் சொல்லுங்க."