கூட இருக்க ஓர் ஆள்

மனநல வார்டில் ஒருவரைச் சேர்க்க வேண்டுமென்றால், அவரோடு துணைக்கு ஓர் ஆள் இருந்தாக வேண்டும். நான் வேலை பார்க்கும் அரசு ஆஸ்பத்திரியில் அதுதான் நடைமுறை. இருபது கட்டிலுக்கு இரண்டு நர்சுகள்; அதில் நான் ஒருத்தி. நாலு கண்ணால் எத்தனை பேரைப் பார்க்க? ஊசி போடுவதைவிட, ஆள் தேடிப் போன் போடுவதுதான் எனக்குப் பாதி வேலை. வருஷக்கணக்காக அதே போன், அதே சாக்குகள். அலுத்துவிட்டது.

அன்று வந்தவர் கம்பம் பக்கத்துத் திராட்சை விவசாயி. நாற்பது வயசு இருக்கும். மனைவி பிரிந்து போய்விட்டாள். உயிரை விட முயன்றவரைப் பக்கத்துத் தோட்டத்துக்காரர் பார்த்து ஆம்புலன்ஸில் ஏற்றியிருக்கிறார். பிழைத்ததும் எங்கள் வார்டுவரை கொண்டுவந்து விட்டவரும் அவர்தான். "ஒரு வாரம் தனியா விடக் கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தோட்டத்துக்காரர் காலையிலேயே கிளம்பிவிட்டார். அவருக்கும் குடும்பம் இருக்கிறதே.

"எனக்காக யாரும் வர மாட்டாக, சிஸ்டர். சாயங்காலம் எம்பொறுப்புல போறேன்னு எழுதிக் குடுத்துட்டு நானும் வீட்டுக்குப் போயிர்றேன்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது. அந்த வீட்டுக்குத் தனியாகப் போனால் அவர் திரும்பவும் அதைத்தான் செய்வார்.

போனை எடுத்தேன். சின்னமனூரில் தங்கச்சி: "மாமியாளுக்கு முடியல, மாடு வேற கட்டிக் கெடக்கு. நான் எப்பிடி சிஸ்டர் வர?" போடியில் கடை வைத்திருக்கும் பெரியப்பா மகன்: "ஏலக்கா சீசனும்மா." கடைசியில் கூடப்பிறந்த அண்ணன். தம்பி தோட்டத்துக்கு மறுபக்கத் தோட்டம் அவருடையது. கிணற்றுத் தண்ணீர் முறையில் தகராறாகி, மூன்று வருஷமாகத் தம்பியோடு பேச்சில்லை. "நாளைக்குத் திராட்ச பறிப்பு. லாரி வருது. அவன் பாட்ட அவன் பாக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

மத்தியானம் மறுபடியும் அண்ணனைக் கூப்பிட்டேன். காலையிலிருந்து ஒரு வாய் டீ குடிக்கவில்லை. தலை விண்விண் என்று தெறித்தது. "இப்ப என்னம்மா?" என்றார். "போன்ல சொல்ல முடியாதுங்க. எல்லாரும் ஒடனே கெளம்பி வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் கேதத்தைப் போனில் உடைத்துச் சொல்வதில்லை. கிளம்பி வா என்பார்கள். இறந்துவிட்டார் என்று வருகிறவர்களுக்குப் புரிந்துவிடும். எனக்கு அது தெரியாதா? அந்த நேரத்தில் நினைப்பில் இல்லை என்று எழுதினால் பாதி பொய்.

நாலு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. பத்துப் பதினைந்து பேர். "ஐயோ, எங்கூடப் பொறந்த பொறப்பே!" என்று மாரில் அடித்துக்கொண்டு தங்கச்சி ஓடிவந்தாள். போடிக்காரர் கையில் ரோஜா மாலை. எல்லாருக்கும் பின்னால், காலில் செருப்புகூட இல்லாமல் அண்ணன். நம் ஆள் கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். வந்தவர்களைப் பார்த்தார். மாலையைப் பார்த்தார்.

"யாருக்கு?" என்றார்.

தங்கச்சி பாய்ந்து அவர் முதுகில் நாலு போடு போட்டாள், பிறகு அப்படியே கட்டிக்கொண்டு அழுதாள். போடிக்காரர் மாலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முழித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது.

அண்ணன் என் மேல் பாய்ந்தார். "என்னம்மா வெளாட்டு இது? உசுரோட இருக்கவனுக்குக் கேதம் சொல்லி வரவச்சிருக்கீக! நல்லாருப்பீகளா?"

"உசுரோடதான இருக்காரு, அது உங்களுக்குக் கொறையா இருக்கா?" என்றேன். "காலையில ஒரு ஆளு வாங்கன்னு கெஞ்சுனேன். வரல. இப்ப வேன் புடிச்சு வந்திருக்கீக." அரசு ஊழியர் பேசும் பேச்சில்லைதான். புகார் எழுதினால் எழுதட்டும் என்று இருந்தது.

வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். மாமியார், மாடு, கடை எல்லாம் அவரவருக்கு ஞாபகம் வந்தது. ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணன் சொல்லாமலே வெளியே போனார். "பேப்பரக் குடுங்க சிஸ்டர், கையெழுத்துப் போட்டுர்றேன்" என்றார் கட்டிலில் இருந்தவர். டாக்டரைக் கூப்பிட்டுத் தடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அவ்வளவு ஓய்ந்து போயிருந்தேன். பேப்பர் எடுக்க மேஜைக்குப் போனேன்.

அங்கே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வேன் போய்விட்டிருந்தது.

"கூட இருக்க ஆளு பேரு எழுதணுமாமே. எம்பேர எழுதுங்க."

"பறிப்பு?"

"கேதம்னு நெனச்சு அத விட்டுட்டுத்தான வந்தேன்."

"டாக்டர் ஒரு வாரம் சொல்லிருக்காக. பாதியில போகக் கூடாது."

தம்பி இருந்த பக்கம் அவர் திரும்பவில்லை. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

"செத்திருந்தா பதினாறு நாளு இருந்திருப்பேன்ல?" என்றார். "இருக்கேன். எழுதுங்க."